புத்துக்குளி

உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் நம் குடும்பத்தினர், தோடர்களின் புத்துக்குளிக்கு முன் சற்று நிற்பார்களாக. காட்சிக்கு வைத்திருப்பதால் அதனைப் பழம்பொருள் என்று எண்ணவேண்டா. அவர்கள் இன்றும் அணியும் போர்வை அது. வெண்பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே, மாதிரி வரைந்துகொள்ளாமல், சிவப்பும் கறுப்புமாய்ப் பெண்கள் இடும் பூவேலை! எது உட்புறம், எது வெளிப்புறம் என்று நாம் தடுமாறுவோம்.

1603-ஆம் ஆண்டு மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்த இயேசு சபைக் குரு பெனிசியோ, தோடப் பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் பரிசளித்தார். பொருத்தமறிந்த பரிசே.

2013-இல் இப்பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைத்தெருவில் பேரம் பேசுவோர் ஒன்றை அறிதல் நலம்: இறந்தோரைப் போர்த்தி அவர்கள் வழியனுப்புவதும் இப்போர்வையால்தான். அதனைச் சாய்விருக்கையின்மேல் விரித்திருக்கும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம்.