அபாத்ர்

"நீச்சே யா ஊப்பர்?"

கணக்கெடுக்க வந்த பையன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கீழா, மேலா? பேர் கேட்கவில்லை. எத்தனை வருஷமாய் இங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் இரும்பு ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தேன், முழங்கை வரை இட்லி மாவு. "ஊப்பர்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் கதை முடிந்துபோனது அப்போது எனக்குத் தெரியாது. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. பிழைக்க வந்த பிள்ளை, வெயிலில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டுக் கதவில் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனான்.

தாராவியில் இப்போது எல்லார் வாயிலும் இரண்டே சொல். பாத்ர், அபாத்ர். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும்போது வீடு பெறத் தகுதி உள்ளவன், தகுதி இல்லாதவன். சர்க்கார் மராட்டியில் எழுதுகிற சொல்தான், ஆனால் நமக்குப் புதிதில்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று என் ஆத்தா சொல்வாள், அதே பாத்திரம். அப்படியானால் இது பிச்சையா? நான் எப்போது யாரிடம் திருவோடு நீட்டினேன்?

அப்பா 1960களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். ஊரில் சேரி, இங்கே ஜோப்பட்பட்டி. தோல் கம்பெனியில் வேலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிப் புரட்டி அவர் விரல் நகங்கள் வெந்து சொத்தையாகிக் கிடக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார், அதைப் பார்த்து ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் துரையாகிவிட்டான் என்று சிரிப்பார்கள். அப்போது இந்த இடம் மாஹிம் கழியை ஒட்டிய சேறு. வேலை விட்டு வரும்போது உடைந்த ஓடு, இடித்த கட்டட மண், தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் சுமந்துவந்து கொட்டுவாராம். மூன்று மழைக்காலம் கொட்டிய பிறகுதான் தரை கால் பாவியது. இது சர்க்கார் மண் என்கிறார்கள். சரி, எந்த மண்? அடியில் கிடக்கிற சேறா, அதன் மேல் என் அப்பா கொட்டியதா?

1997-ல் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் இருக்க இடம் கிடையாது. கோலி என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒற்றை அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். அம்மாவின் கம்மலை விற்று, சீட்டு எடுத்து, அப்பா தன் தலைக்கு மேல் ஒரு மாளா, அதாவது மேல்தளம், எழுப்பினார். தகரமும் பலகையுமாக எழுந்துகொண்டிருக்கும்போதே அளவு டேப்போடு ஓர் ஆள் வந்துவிட்டான். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஆபீஸ்காரர்கள் எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று கோபித்துக்கொள்வார்கள். பதினாலு அடிக்கு மேல் போகக் கூடாது என்றான். டேப்பைச் சுவரில் வைத்தான். பதினாலரை. இடித்துவிடுவேன் என்றான். அப்பா உள்ளே போய் மூவாயிரம் ரூபாய் கொண்டுவந்தார். வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரும்பவும் அளந்தான். இந்தத் தடவை சரியாகப் பதினாலு அடி இருந்தது.

அதற்கு மட்டும் அவன் ஒரு பாவ்தி கிழித்துக் கொடுத்திருந்தால்! தேதி, தொகை, சுவரின் உயரம், எல்லாம் எழுதிய ரசீது. தாராவியிலேயே பலமான ஆதாரம் இன்றைக்கு என்னிடம்தான் இருந்திருக்கும். லைட் மீட்டருக்குக் கொடுத்தேன், தண்ணீர்க் குழாய்க்குக் கொடுத்தேன், ரேஷன் கார்டில் பேரை ஏற்ற மூன்று தடவை கொடுத்தேன். எங்கள் பணம் போன இடத்திலெல்லாம் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் நீ இல்லை என்கிறார்கள்.

2005 ஜூலை 26 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டார்கள். எங்களுக்கு அளவு தெரியாது. நாலாச் சாக்கடை எது, தெரு எது, மித்தி ஆறு எது என்றே தெரியாமல் கறுப்புத் தண்ணீர் வந்தது. கீழ்க்கோலியில் இடுப்புக்கு மேல். தம்பி முதலில் தன் மகளை மேலே தூக்கிக் கொடுத்தான். அடுத்ததாகத் தூக்கிக் கொடுத்தது ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. அதில் 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ், அப்பா பேரில் இருந்த ரேஷன் கார்டு, பழைய லைட் பில்கள். அதற்குப் பிறகுதான் அம்மா ஏறினாள். பதினோரு பேர் இரண்டு ராத்திரி என் மாளாவில் குத்தவைத்திருந்தோம். பையை நான் மடியில் வைத்திருந்தேன்.

இப்போது பாருங்கள். அந்தப் பையில் இருந்த காகிதங்களின் பலத்தில் தம்பி பாத்ர். அந்தப் பையைக் காப்பாற்றிய மாளாவில் இருப்பதால் நான் அபாத்ர்.

விதி அப்படி. 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்து தரையில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசமாக. அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவர்களுக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. மாளாக்காரர்களுக்கு அந்தத் தேதிகளெல்லாம் கிடையாது. 1997-ல் ஏறினாலும் ஒன்றுதான், 2022-ல் ஏறினாலும் ஒன்றுதான். வெளியே எங்காவது வாடகை வீடு. வாடகை கட்டிக் கட்டி வேண்டுமானால் வாங்கிக்கொள்.

ஆகாயத்தில் இருப்பதால் எனக்கு உரிமை இல்லையாம். ஆனால் இதே ஆகாயத்துக்கு விலை இருக்கிறது. தாராவியில் கட்ட முடியாமல் மிஞ்சுகிற உயரத்தை டி.டி.ஆர். என்று காகிதமாக்கி மும்பையின் மற்ற பில்டர்களுக்கு விற்கலாம். அவர்கள் வாங்குகிற டி.டி.ஆரில் முதல் 40 சதவீதத்தைத் தாராவியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று 2023-ல் அரசே விதியும் போட்டிருக்கிறது. என் தலைக்கு மேல் இருக்கிற காற்று சொத்து. அந்தக் காற்றில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த நான் ஆக்கிரமிப்பு. இதை எனக்குப் புரியும்படி யாராவது சொல்லட்டும், மராட்டியில் சொன்னாலும் சரி.

மேல்மாடி எல்லாருக்கும் குற்றமில்லை. கொலாபாவில் ஆதர்ஷ் சொசைட்டி 31 மாடி ஏறியது. கார்கில் வீரர்களின் குடும்பங்களைச் சொல்லி எழும்பிய கட்டடம், யார் யாருக்கோ போனது. முதலமைச்சர் அசோக் சவானின் உறவினர்களுக்கும் அதில் வீடு இருப்பது வெளியே வந்து, 2010 நவம்பரில் அவர் பதவி விலகினார். விசாரணைக் கமிஷன் 102 உறுப்பினர்களை அலசி 25 பேருக்குத் தகுதியே இல்லை என்று சொன்னது. என் சொல்தான்! அபாத்ர்! அந்த 25 பேர் வீட்டுக் கதவில் யார் போய் நம்பர் போட்டார்கள்? அந்தக் கமிஷன் அறிக்கையை 2013 டிசம்பரில் மாநில அமைச்சரவை முதலில் நிராகரித்தது. கூச்சல் எழுந்த பிறகு ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. 2016-ல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முன்னாள் முதலமைச்சர் 2024-ல் கட்சி மாறி ராஜ்யசபாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கட்-ஆஃப் தேதி உண்டா?

இது இன்றைக்கு ஆரம்பித்ததில்லை. 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், நடைபாதைக் குடிசைகளைப் பிரித்து ஆட்களை பஸ்ஸில் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பச் சொன்னார் அன்றைய முதலமைச்சர் அந்துலே. ஏற்றப்பட்டவர்களில் சேலத்துக்காரர் ஒருவர். ஊரில் பஞ்சம், 1961-ல் பம்பாய் வந்தவர். பிளாஸ்டிக்கும் கித்தானும் கட்டிய அந்த நடைபாதை மூலைக்கே ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். சேலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலை தேடி மறுபடி இங்கேயே வந்து, மறுபடி நடைபாதையிலேயே படுத்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸ் தொடுத்த வழக்கும் அவர் வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வாழும் உரிமை என்றால் பிழைக்கும் வழிக்கான உரிமையும் அதில் சேர்த்திதான் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதைப் பாடமாய்ப் படிக்கிறார்கள். நடைபாதையைக் காலிசெய்யத் தடையில்லை, மழை முடியட்டும் என்று அதே தீர்ப்பில் இருப்பது எங்களுக்குத்தான் நன்றாக ஞாபகம்.

அந்த 1981 ஆகஸ்ட் 31-ல் இந்தியன் எக்ஸ்பிரஸில் அருண் ஷோரி எழுதியது வெளியானது. சிமென்ட் அப்போது கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு, கோட்டா இருந்தால்தான் மூட்டை. அந்துலே நடத்திய டிரஸ்டுக்கு பில்டர்கள் நன்கொடை கொடுத்தார்கள், அவர்களுக்கு சிமென்ட் கிடைத்தது. நன்கொடைக்கும் சிமென்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று 1982 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல, நாற்காலி போனது. பிற்பாடு மத்திய அமைச்சராக டில்லிக்கும் போய்வந்தார். ஒரு மழைக்காலத்துக் கணக்கு இது. கித்தான் கட்டியவனுக்கு பஸ், டிரஸ்டுக்குக் கட்டியவனுக்கு சிமென்ட். எங்கள் அப்பா அந்த வருஷம் சுவர் பூசக் கறுப்புச் சந்தையில் இரண்டு மூட்டை வாங்கினார். ஒரு மூட்டையில் பாதி சாம்பல்.

தாராவியைப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்ற பேச்சை 2004-லிருந்து கேட்கிறேன். 2019-ல் டெண்டரில் ஒரு கம்பெனி 7,200 கோடி கேட்டு முதலில் நின்றது. ரயில்வே நிலம் சேர்ந்துவிட்டது, நிலைமை மாறிவிட்டது என்று அதை ரத்து செய்தார்கள். 2022-ல் புது டெண்டர், புது நிபந்தனை, 5,069 கோடிக்கு அதானி குழுமத்துக்குப் போனது. பழைய கம்பெனி போட்ட வழக்கை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் சரி என்றால் சரி, நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்தது கழித்தல் கணக்கு. 2,131 கோடி வித்தியாசத்துக்கு விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஒரு சர்க்கார், என் சுவரின் அரை அடிக்கு விளக்கம் கேட்கவில்லை. மூவாயிரம் கேட்டது.

போய்க் கேட்கலாம் என்றால் யாரிடம்? 2022 மார்ச்சில் மாநகராட்சியின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. கிட்டத்தட்ட நாலு வருஷம் எங்களுக்கு நகர்சேவக், வார்டு கவுன்சிலர், என்று ஒருவர் கிடையாது. அதிகாரி ஆட்சி. கணக்கெடுப்பு ஆரம்பித்ததும், கதவுக்குக் கதவு நம்பர் விழுந்ததும் அந்த நாலு வருஷத்துக்குள்தான். பழைய நகர்சேவக்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. காசு வாங்குவார்கள். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழலாம், கத்தலாம், மண்ணை வாரித் தூற்றலாம். அதிகாரியின் ஏசி அறைக்கு வெளியே செக்யூரிட்டி நிற்கிறான்.

எங்களை எங்கே அனுப்புவார்கள்? தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் என்கிறார்கள், உப்பளம் என்கிறார்கள். தேவ்னாரில் குவிந்து கிடப்பது 185 லட்சம் டன் குப்பை, அதை அள்ள மட்டும் மாநகராட்சி 2,368 கோடிக்கு டெண்டர் விட்டது. எனக்கு அந்த நாற்றம் ஒரு பிரச்சினையே இல்லை, நாலா ஓரத்தில் வளர்ந்தவள். என் பிரச்சினை இட்லி. விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டுவேன். ஐந்தரைக்கு என் வீட்டுக்காரர் அலுமினிய அண்டாவை சைக்கிளில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு புறப்படுவார். ஆறு மணிக்கு மாட்டுங்கா மார்க்கெட் சுமைக்காரர்கள், ஏழுக்குள் கிங்ஸ் சர்க்கிள், எட்டுக்கு அண்டா காலி. 90 அடி ரோட்டில் மாவு அரைக்கிற மிஷின், கடனுக்கு அரிசி தருகிற அண்ணாச்சி, எல்லாம் சைக்கிள் தூரம். தேவ்னாரிலிருந்து சைக்கிளில் வந்தால் இட்லி கல்லாகிவிடும். பிழைக்கும் வழி என்று அந்த நீதிபதிகள் சொன்னார்களே, அது எனக்கு இந்த ஏழெட்டு கிலோமீட்டர்தான். சென்னையில் கூவத்தோரத்தில் இருந்த என் பெரியம்மா மகளைக் கண்ணகி நகருக்கு அள்ளிப்போட்டார்கள். அடுக்குமாடி, கக்கூஸ், பைப்பு, எல்லாம் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போய்வர மூன்று மணி நேரம். இரண்டு வருஷத்தில் வேலையை விட்டாள். "வீடு கெடச்சுது, கஞ்சி போச்சு" என்று போனில் சொன்னாள்.

எனக்கு இரக்கம் வேண்டாம். இந்தச் சேற்றை மண்ணாக்கியவன் மகள் நான். அரை அடிக்குக் காசு வாங்கியவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், என் பேரையும் பக்கத்தில் ஒட்டுங்கள். யார் பாத்ர், யார் அபாத்ர் என்று தெருவில் போகிறவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

தம்பி இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவன் மேல் தப்பில்லை, எனக்கும் தெரியும். "அக்கா, என் வீட்டுலயே நீயும் இருந்துக்கோ" என்று ஒரு தடவை சொன்னான். 350 சதுர அடியில் அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், அம்மா. நான் பதில் சொல்லவில்லை. போன வாரம் முதல் மழை பெய்தது. கீழே தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த ஜவுளிக்கடைப் பையைப் புதுப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். என் அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனான்.