பிரசவ வகுப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள்!

கர்ப்பம் உறுதியானதும் செல்போனில் விளம்பரங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. ‘நார்மல் டெலிவரிக்கு எட்டு வாரப் பயிற்சி’, ‘கர்ப்பகால யோகா’, ‘கர்ப்ப சம்ஸ்காரம்’, ‘தம்பதியருக்கான ஆன்லைன் வகுப்பு’ என்று ஏகப்பட்ட பெயர்கள். இதில் எதில் சேர்வது என்ற குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் அது இன்னும் கொஞ்சம் கூடுதல்.

திருச்செங்கோட்டில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவருக்கு ரிக் வண்டியில் வேலை. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பார். மனைவி ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஆத்தூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். விளம்பரத்தில் பார்த்த வகுப்போ சேலம் டவுனில், ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கணவர் கட்டாயம் வர வேண்டும். சென்னைக்குச் சரியாக இருக்கும் வகுப்பு இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

வகுப்பு எதற்கு?

பிரசவத்துக்குத் தாயைத் தயார்படுத்தும் பயிற்சி புதிய விஷயம் அல்ல. பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951-ல் சோவியத் யூனியனுக்குப் போய் அங்கே பின்பற்றப்பட்ட முறையைப் பார்த்துவிட்டு வந்து, பாரீஸில் மூச்சுப் பயிற்சியுடன் கூடிய வகுப்புகளைத் தொடங்கினார். இன்றும் ‘லமாஸ் வகுப்பு’ என்று விளம்பரம் செய்வது அவர் பெயரில்தான். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் வலியைத் தாங்குவது எளிதாகும் என்பதே இதன் அடிப்படை.

நல்ல வகுப்பில் ஆசனங்கள் மட்டும் இருக்காது. பொய் வலிக்கும் உண்மையான வலிக்கும் உள்ள வித்தியாசம், பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, சிசேரியன் எப்போது தேவைப்படும், பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது எப்படி, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என எல்லாமே பாடத்தில் இருக்க வேண்டும். சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘வந்து பாருங்க, தெரியும்’ என்று மழுப்பினால் யோசிக்க வேண்டும்.

முதல் கேள்வி: பிரசவம் எங்கே?

வகுப்பைத் தேர்வு செய்வதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது. பிரசவம் அம்மா வீட்டுப் பக்கம் என்றால், வகுப்பும் அங்கே இருப்பதுதான் வசதி. மாமியார் வீட்டில் இருக்கும்போது பாதி, அம்மா வீட்டில் பாதி என்று பிரிந்தால் தொடர்ச்சி விட்டுப்போகும். ஆத்தூரிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ சேலத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஏப்ரல், மே வெயிலில் எட்டு மாத வயிற்றோடு வாராவாரம் பஸ்ஸில் போய்வருவது யாருக்கும் முடியாத காரியம். அப்படியானால் மருத்துவமனையிலேயே நடக்கும் வகுப்பை, பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். பேச்சு வழியாகக் கற்பதை ஆன்லைனில் முடித்து, உடற்பயிற்சிகளை மட்டும் நேரில் கற்கலாம்.

தகவல் சொல்லும் வகுப்புகளை ஆறாம் மாதம் வாக்கில் தொடங்கினால் வளைகாப்புக்கும் பயணத்துக்கும் முன் பெரும்பகுதி முடிந்துவிடும். உடற்பயிற்சிக்கு மட்டும் உங்கள் மருத்துவரின் அனுமதி கட்டாயம். நஞ்சு கீழிறங்கி இருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், ரத்தப்போக்கு அல்லது உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யக் கூடாது. சேரும்போதே உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்காத வகுப்பு, உங்கள் பாதுகாப்பைப் பற்றி யோசிக்காத வகுப்பு.

உடன் வரப்போவது யார்?

பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. சில தனியார் மருத்துவமனைகள் கணவரை அனுமதிக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பெண் உறவினர்தான் உடனிருப்பார். எனவே உங்கள் மருத்துவமனையில் யாரை உள்ளே விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். உள்ளே நிற்கப்போவது அம்மா என்றால், வகுப்புக்கு வர வேண்டியவரும் அம்மாதான். இடுப்பை எப்படிப் பிடித்துவிடுவது, எப்போது நடக்க வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ உதவி. ‘கணவர் வந்தால்தான் சேர்ப்போம்’ என்று பிடிவாதம் பிடிக்காத வகுப்பைத் தேடுங்கள். லாரியிலோ ரிக்கிலோ இருக்கும் கணவர் வீடியோ காலில் சேர வழி இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

சொல்லித்தருவது யார்?

மகப்பேறு மருத்துவர், பிரசவ அறையில் வேலை பார்த்த செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் சொல்லித்தந்தால் நல்லது. யோகா ஆசிரியர் என்றால் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி தந்த அனுபவம் இருக்க வேண்டும். சில நாள் ஆன்லைன் படிப்புச் சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டியிருந்தால், ‘எத்தனை பிரசவங்களை நேரில் பார்த்திருக்கிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். கூட்டம் அதிகமானால் ஒருவருக்குத் தலைசுற்றல் வந்தால்கூடக் கவனிக்க ஆள் இருக்காது.

‘நார்மல் டெலிவரி கேரண்டி’யா?

அப்படி ஒரு உறுதியை யாராலும் தர முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவிகிதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவிகிதம். தாய், சேயின் உடல்நிலையோடு, எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பதும் முடிவை மாற்றுகிறது. ஆகவே அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பதைவிட மருத்துவரிடம் கேட்பதே சரி: ‘எந்தச் சூழ்நிலையில் சிசேரியன் செய்வீர்கள் டாக்டர்?’ சிசேரியன் ஆனால் தோற்றுவிட்டதாக ஒரு தாயை நினைக்க வைக்கும் வகுப்பு வேண்டவே வேண்டாம்.

இப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

* ‘ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்.’ 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் இளம் ஆசிரியை ஒருவர் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். அடுத்த சில வாரங்களிலேயே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார்.

* ‘ஆண் குழந்தை பிறக்க இதைச் செய்யுங்கள்.’ கரு உருவாகும் நொடியிலேயே பாலினம் முடிவாகிவிடுகிறது. பாலினத்தைத் தேர்வு செய்ய உதவுவதாக விளம்பரம் செய்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். அந்த மண்ணில் இந்தப் பேச்சுக்கு இடமே தரக் கூடாது.

* பால் பவுடர் சாம்பிள் தருகிறார்கள். இதையும் 1992-ம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது.

* ‘தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க இன்றே பணம் கட்டுங்கள்.’ தனியார் வங்கிகளில் இப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைக்கவில்லை.

பணம் கட்ட முடியாவிட்டால்?

கவலை வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. 2016-ல் தொடங்கிய திட்டம் இது. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி பணியாளரும் உங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் ஒன்றும் விட்டுப்போகாது.

பணம் கட்டிச் சேர்பவர்கள், முன்கூட்டியே பிரசவமானால் மீதி வகுப்புக்கான பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முடிந்தால் ஒரு வகுப்பை மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை

உங்கள் வகுப்பு நல்ல வகுப்பா என்று தெரிய வேண்டுமா? உடன் வந்தவரிடம், ‘எந்த அறிகுறி வந்தால் என்னை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், விடாத வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைதல். இவற்றையும் 108 என்ற எண்ணையும் அவர் தடுமாறாமல் சொன்னால், நீங்கள் கட்டிய பணம் வீண் போகவில்லை. சொல்லத் தெரியாவிட்டால், இன்று இரவே இந்தப் பட்டியலை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.