மொழி மட்டும் போதுமா?

ஜெர்மன் மொழியைப் பல்கலைக் கழகத்தில் படிக்கிறவனுக்கு இலக்கியமும் சரித்திரமும் எதற்கு, பேசவும் எழுதவும் தெரிந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். நான் இண்டர்மீடியட்டோடு நின்றவன். ஆனாலும் சொல்கிறேன், போதாது!

1933 மே 10ஆம் தேதி ஜெர்மனியின் பல்கலைக் கழக நகரங்களில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியவர்கள் யார்? மாணவர்கள். அவர்களுக்கு ஜெர்மன் தெரியாதா? பான் நகரில் அந்தத் தீயின் முன் நின்று முழங்கிய ஹான்ஸ் நௌமன், ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்! தாமஸ் மன்னுக்குத் தான் கொடுத்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தை அதே பல்கலைக் கழகம் 1936இல் பறித்துக்கொண்டது. ஹிட்லர் ஒழிந்த பிறகே திருப்பிக் கொடுத்தது.

ஆகவே, இலக்கணம் போதாது; கதே பிறந்த நாடு என்ற பெருமைப் பேச்சும் போதாது. 1966இல் மியூனிக்கில் கூடிய ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்கள் தங்கள் துறையில் புகுந்திருந்த தேசிய வெறியைத் தாங்களே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த விசாரணையும் பாடமாக வேண்டும்.

வேலை கிடைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால், படித்தவர்களே கொள்ளி எடுத்துக் கொடுத்த கதையைச் சொல்லாமல் மொழியை மட்டும் கற்றுத் தருவதற்குப் பல்கலைக் கழகம் எதற்கு? மாலை நேர டியூஷன் போதுமே!