பதினான்கு டன் என்றால் பதினான்கு டன் இல்லை

பர்கூர் சிப்காட் பக்கம் ஷெட் கட்டுபவர்கள் சொல்லும் வாதம் இது: "ட்ரஸ் 5 டன்தான், 14 டன் ஹைட்ரா கிரேன் தாராளம், வாடகையும் குறைவு."

ஒன்று. அந்த 14 டன், பூம் ஒடுங்கி, சுமை முன்சக்கரத்தை ஒட்டித் தொங்கும்போது மட்டும். பூம் நீண்டு சாயச் சாயத் தூக்குதிறன் சரியும். ட்ரக் கிரேனும் அப்படித்தான்: 3 மீட்டரில் 25 டன் தூக்குவது 10 மீட்டரில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குகூடத் தூக்காது. உங்கள் தூண் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது? அளந்தீர்களா? லோடு சார்ட்டைக் கேட்டீர்களா?

இரண்டு. கொக்கி, ஸ்லிங், ஷாக்கிள் எல்லாம் சுமைதான்.

மூன்று, தரை. பாறை ஊர் என்ற தைரியம் வேண்டாம். மனையைச் சமப்படுத்தக் கொட்டிய மண் பாறை ஆகாது. தரை சரியில்லை என்றால் சிறு சுமையிலும் கிரேன் கவிழும். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் விழாவில் கிரேன் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதில் தொங்கியது டன் கணக்கான இரும்பா? சில மனிதர்கள்!

நான்கு. வாடகை குறைவா? தூக்க முடியாமல் திரும்பிப்போகும் வண்டிக்கும் வாடகை உண்டு. அன்று சும்மா நிற்கும் ஃபிட்டர்களின் கூலியை யார் தருவது?