ஆனிரை காத்தோர்க்குக் கல் நட்ட நாடு

ஒரு நாடு யாரைப் போற்றுகிறது என்பதைக் கொண்டே அதன் உள்ளத்தை அளந்துவிடலாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டவை, தமிழி எழுத்துப் பொறித்த மிகப் பழைய நடுகற்களுள் வைத்து எண்ணப்படுபவை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் வீழ்ந்த மறவனுக்கு எடுக்கப்பட்டது. மன்னனுக்கன்று, மாளிகை கட்டியவனுக்கன்று, ஆனிரையின்பொருட்டு உயிர் கொடுத்தவனுக்கு! விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலோ, கருஞ்சேவல் ஒன்றுக்கே கல் நட்டுள்ளனர். எடுத்தனூரில் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்தது.

அத்தகைய நாட்டில் இன்று ஆவும் ஆடும் கோழியும் பேணும் உழவனைப் போற்றுவோர் யாவர்? நடுவணரசு 2021 முதல் ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கி வருகிறது. நாட்டு மாட்டினங்களை வளர்ப்போருக்கு முதற்பரிசு 5 இலக்கம் உருபா. நாட்டினங்களைக் கருதியது நன்றே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் பெயர் ‘கோபால் இரத்தினா’! காங்கேயத்து உழவன் தன் தாய்மொழியிற் பொருள் விளங்காத பெயரைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப வேண்டுமாம். ஆயன், கோவலன், இடையன் என அவனுக்குரிய பெயர்கள் தமிழில் இல்லாமலா போயின?

பெயரினும் பெரிய குறை அளவுகோலில் உள்ளது. அவ்விருது பால்வளத்தையே தலைப்பாகக் கொண்டது. காங்கேயமும் உம்பளச்சேரியும் பருகூரும் உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றவை; பாற்குடத்தால் அளக்கத்தக்கவை அல்ல. மேச்சேரிச் செம்மறிக்கும் கன்னியாட்டுக்கும் அங்கே இடமே இல்லை. கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கும் கொறங்காட்டை விற்காமல் காத்துவரும் குடும்பத்தின் அருஞ்செயலை எந்தப் படியால் அளப்பது? அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தி, உப்புரம் இன்றியே மண்ணைக் கொழுக்கச் செய்யும் இடையனின் பங்கு எந்தக் கணக்கேட்டில் ஏறும்?

சிறு குடும்பத்தின் வலிமை ஒன்றைச் சார்ந்து நில்லாமையே. மழை பொய்த்தால் ஆடு காக்கும். ஆட்டுக்கு நோய் வந்தால் கோழி காக்கும். வைக்கோல் மாட்டுக்கும், மாட்டெரு வயலுக்கும் செல்லும். இவ்வுண்மையை உலகமும் ஒப்புகிறது. ஒன்றிய நாடுகள் மன்றம் 2019 முதல் 2028 வரையுள்ள காலத்தைக் குடும்ப வேளாண்மைப் பத்தாண்டாக அறிவித்துள்ளது.

தமிழ்ப் பற்றாளர்க்கு இதில் இன்னுமொரு கடமையும் உண்டு. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று மாட்டின் நிறமறிந்து பெயரிட்டவர் புலவர் அல்லர், தொழுவத்தில் நின்றவர். இளமைப் பெயர் ஒன்பதென்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்தாரெனின், அச்சொற்களை அவருக்கு முன்பே வழங்கி வந்தவர் ஊர் மக்கள். இனம் அழியின் அதனோடு சொல்லும் அழியும். அழிந்த சொல்லை அகரமுதலியில் காக்கலாம். ஆயினும் அது கூட்டிலடைத்த பறவையே.

2017 தைத் திங்களில் ஏறுதழுவலுக்காக இளைஞர் கடற்கரையில் திரண்டனர். தமிழர் எழுச்சியில் அது பெருநிகழ்ச்சி. ஆயினும் வாடிவாசலுக்குத் திரண்ட கூட்டம் தொழுவத்தை எட்டிப் பார்த்ததா? காளையைப் போற்றியோர், அதனை ஈன்ற ஆவையும் அதற்குத் தீனியிட்ட பெண்ணையும் போற்ற மறந்தனர்.

ஆதலின், தமிழ்நாட்டரசு மாட்டுப்பொங்கல் நாளில் மாவட்டந்தோறும் ஒரு விருது வழங்குதல் வேண்டும். அதற்கு ‘ஆனிரை காவலர்’ என்பது போன்ற தூய தமிழ்ப்பெயர் அமைதல் வேண்டும். ஆடு, கோழி, எருமை வளர்ப்போரும் அதற்குரியராதல் வேண்டும். எத்தனைப் படி பால், எத்தனை முட்டை என்பதோடு, எந்த இனம் காக்கப்பட்டது, எந்த மேய்ச்சல் நிலம் பிழைத்தது என்பதும் வினவப்படல் வேண்டும். கணவன் பெயரில் மட்டுமன்றி மனைவி பெயரிலும் அது பொறிக்கப்படல் வேண்டும்.

இறந்த பின் கல் நட்டது பழந்தமிழர் நன்றி. இருக்கும்போதே ஏத்துவது நம் கடன்!