எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரமா?

பொட்டல உணவுகளின் முகப்பில் எச்சரிக்கைக் குறி வேண்டுமா, நட்சத்திர மதிப்பீடு வேண்டுமா என்ற வழக்கில் மூன்று மாதங்களில் முடிவுக்கு வருமாறு உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் கெடு விதித்ததும், அந்தக் கெடு முடியும் தறுவாயில், ஆலோசனை இன்னும் நிறைவடையவில்லை என்று கூறி மேலும் மூன்று மாதங்கள் பெறப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. கெடு நீண்டதைவிடக் கவலைக்குரியது, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 செப்டம்பர் வரைவில் முன்வைக்கப்பட்ட நட்சத்திரத்தின் மீது பொறுப்பில் இருப்பவர்கள் காட்டும் பற்றுதான். எதிர்ப்பு எழுந்தபோதெல்லாம், நுகர்வோர் ஒப்பிட்டுப் பார்த்துத் தாமே முடிவெடுப்பார்கள் என்ற ஒரே வாதம் அந்த நட்சத்திரத்துக்கு அரணாக நிறுத்தப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது என்பது மூளையின் வேலை. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவால் உடல் பருக்கும்போது முதலில் நலிபவற்றுள் அந்த வேலைக்குரிய ஏற்பாடும் ஒன்று என்பதை அண்மைக்கால நரம்பியல் ஆய்வுகள் உணர்த்தி வருகின்றன. மூளையில் நரம்பு செல்களைத் தூண்டும் சமிக்ஞைகளும் உண்டு, அவற்றை அடக்கும் தடுப்புச் சமிக்ஞைகளும் உண்டு. பின்னவற்றைக் கடத்தும் முதன்மை வேதிப்பொருள், 1950இல் யூஜீன் ராபர்ட்ஸ் மூளையில் கண்டறிந்த காமா அமினோ பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக 'காபா'. வாகனத்துக்கு பிரேக் எப்படியோ, மூளையின் கிளர்ச்சிக்கு காபா அப்படி. கண்குழிக்குச் சற்று மேலே அமைந்த முன்மூளைப் புறணியானது, ஓர் உணவு இந்த நொடியில் தனக்கு எவ்வளவு மதிப்புடையது என்பதைக் கணித்து, அந்த மதிப்பு குறைந்தவுடன் செயலை மாற்றிக்கொள்ளச் செய்யும் பகுதியாகும். அதன் நரம்பு செல்கள் கட்டுக்குள் இருப்பதும் காபாவால்தான்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நெம்புகோலை அழுத்தினால் இனிப்பு கிடைக்கும் என்று பழக்கப்படுத்தப்பட்ட சுண்டெலிகளுக்கு முன்கூட்டியே அதே இனிப்பு திகட்டும்வரை கொடுக்கப்பட்டது. சாதாரண எடையுள்ளவை அதன்பின் நெம்புகோலைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கொழுப்பு உணவால் பருத்தவையோ, வயிறு நிரம்பிய பிறகும் முன்போலவே அழுத்திக்கொண்டிருந்தன, அதாவது வேண்டும் என்பதற்காக அல்லாமல் பழக்கத்தின் உந்துதலால் செயல்பட்டன. அவற்றின் மூளையைச் சோதித்தபோது, மேற்சொன்ன பகுதியின் நரம்பு செல்களுக்கு வரவேண்டிய தடுப்புச் சமிக்ஞை நலிந்து, அந்த செல்கள் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியுற்றிருப்பது தெரியவந்தது. அந்தக் கிளர்ச்சியைச் செயற்கையாகத் தணித்தபோது, பருத்த எலிகளும் மீண்டும் நிதானித்துச் செயல்படத் தொடங்கின. இதே ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டை அவ்வப்போது அப்புறப்படுத்த வேண்டிய துணைச் செல்கள் உடற்பருமனால் மந்தமடைவதைச் சுட்டியது. உரிய நேரத்தில் அகற்றப்படாமல் தேங்கும் குளூட்டமேட், அருகிலுள்ள நரம்பு முனைகளில் காபா வெளிப்படுவதை அடக்குகிறது.

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது என்பது உண்மை. எனினும், ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான எடையுள்ளவர்களுக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த சிறு தின்பண்டம் ஒன்று கொடுக்கப்பட்டபோது, உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதற்கு முன்பே, கொழுப்பு குறைந்த உணவின் மீதான விருப்பம் தணிந்து, இனிப்புக்கு மூளை காட்டும் எதிர்வினை கூர்மையானது. மருத்துவமனைக்குப் போகும் நிலை வருமுன்பே மூளை மாறத் தொடங்கிவிடுகிறது என்ற அளவிலாவது இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் நட்சத்திரத்தின் குறை முழுமையாகப் புலப்படும். 2022 வரைவின்படி, ஆற்றல், நிறைவுற்ற கொழுப்பு, மொத்தச் சர்க்கரை, சோடியம் ஆகியவற்றுக்கு எதிர்மறைப் புள்ளிகளும், பழம், காய்கறி, கொட்டை, பருப்பு, சிறுதானியம், நார்ச்சத்து, புரதம் ஆகியவற்றுக்கு நேர்மறைப் புள்ளிகளும் தரப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கப்படும். சர்க்கரை கொட்டிக் கிடக்கும் பண்டத்தில் கொஞ்சம் நார்ச்சத்தையும் புரதத்தூளையும் கலந்துவிட்டால் அதன் தரம் உயர்ந்துவிடுகிறது, சர்க்கரையின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. இது கற்பனையான அச்சமல்ல. 2014 முதல் நட்சத்திர முறையைக் கையாளும் ஆஸ்திரேலியாவில், 'மைலோ' பானத்தூளின் டப்பாவில் நாலரை நட்சத்திரம் மின்னியது, ஏனெனில் தூளைக் கொழுப்பு நீக்கிய பாலில் கரைத்துக் குடிப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டிருந்தது. தூளை மட்டும் அளந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஒன்றரை. கண்டனம் வலுத்த பிறகு 2018இல் அந்த நட்சத்திரம் நீக்கப்பட்டது. அந்த நாட்டில் பாலின் புண்ணியத்தில் தூள் தேறியது என்றால், இங்கே பாதாமின் புண்ணியத்தில் பிஸ்கட் தேறும், கேழ்வரகின் புண்ணியத்தில் சாக்லேட் தேறும். அரை நட்சத்திரம் பெற்ற பண்டமும்கூட ஏதோ ஒரு பாராட்டைச் சுமந்துகொண்டுதான் கடைத் தட்டில் நிற்கும், ஏனெனில் நட்சத்திரம் என்பது இந்த நாட்டில் ஓட்டலுக்கும் திரைப்படத்துக்கும் கொடுக்கப்படும் பரிசு. தடுத்து நிறுத்தும் சமிக்ஞை மூளைக்குள்ளேயே நலிந்து நிற்கும் ஒருவரிடம், வெளியிலிருந்தும் தடுப்பை எடுத்துவிட்டு, கழித்தல் கணக்கின் விடையை மட்டும் நீட்டுவதற்குப் பெயர் விழிப்புணர்வு என்றால், அச்சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

நட்சத்திரத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுவது, ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு மேலாண்மை நிறுவனத்தின் கணக்கெடுப்பு. எந்தக் குறி எளிதில் புரிகிறது, எது நம்பகமாகத் தோன்றுகிறது என்று கேட்டறிவது பயனுள்ளதுதான். ஆனால் புரிந்த ஒருவர் கையை விலக்கிக்கொள்கிறாரா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட சிலி நாட்டைப் பார்க்கலாம். 2016 ஜூன் முதல், வரம்பை மீறிய சர்க்கரை, உப்பு, கொழுப்பு, ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கறுப்பு எண்கோணக் குறியை அந்நாடு கட்டாயமாக்கி, அத்தகைய பண்டங்களைப் பள்ளிகளிலிருந்தும் குழந்தைகளுக்கான விளம்பரங்களிலிருந்தும் விலக்கியது. சட்டத்தின் முதற்கட்டத்திலேயே இனிப்புப் பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்தது. 2020இல் மெக்சிகோவும் அதே வழிக்கு வந்தது. எண்கோணத்தைப் புரிந்துகொள்ளக் கழித்தல் கணக்கு தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தும் தயங்குபவர்கள் புதிதாகத் தயங்கவில்லை. பள்ளிகளின் அருகே நொறுக்குத் தீனி விற்பதைத் தடுக்கக் கோரி 2010இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது, கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்ற விதி வர 2020 ஆனது. வந்த விதியிலும், 'மிகுதி' என்றால் எத்தனை கிராம் என்ற வரம்பு இல்லை. எனவே பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியாது, பறிமுதல் செய்ய வரும் அலுவலருக்கும் தெரியாது. 2018இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்தால் சிவப்பு நிறத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு வரைவு வெளியானது, தொழில்துறை முகம் சுளித்ததும் அது கிடப்பில் போடப்பட்டு, ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் பால் பொட்டலங்களில் 'ஏ1', 'ஏ2' என்று குறிப்பிடக்கூடாது என்ற உத்தரவு, ஒரு வாரம்கூட நிற்காமல் திரும்பப் பெறப்பட்டது. குழந்தைகளுக்கான மால்ட் பானத்தூள்கள் 'ஆரோக்கிய பானம்' என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக விற்கப்பட்ட பிறகு, அப்படியொரு வகையே சட்டத்தில் இல்லை என்பது 2024இல்தான் நினைவுக்கு வந்தது. இவர்களிடம் வேகம் இல்லாமல் இல்லை. முன்வைத்த காலைப் பின்வாங்கும்போது மட்டும் அது வெளிப்படுகிறது.

இந்தத் தாமதத்தின் விலை சிறிதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2024-25ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையே முகப்புக் குறிகளுக்குக் கடுமையான விதி தேவை என்று எழுதியிருக்கிறது. ஒரு கை எழுதுவதை மறு கை படிப்பதில்லை போலும்.

இத்தனைக்கும் மேலாக, நட்சத்திரம் இறுதி வடிவம் பெற்றாலும் அடுத்த 4 ஆண்டுகளுக்கு அது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததே என்கிறது அந்த வரைவு. மோசமான மதிப்பெண் வாங்கியவர் தாமாக முன்வந்து அதை நெற்றியில் ஒட்டிக்கொள்வார் என்று எந்த வணிகத்தைப் பார்த்து எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தொழில்துறைக்கு இருக்கும் இடம் நரம்பியலாளருக்கும் குழந்தை மருத்துவருக்கும் கிடைக்க வேண்டும். வரம்புகள் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். மறுபடியும் ஒரு கெடு கேட்கும் துணிவு யாருக்கும் வராதபடி, எச்சரிக்கையை எச்சரிக்கையாகவே சொல்லும் விதி ஒன்று, அதுவும் கட்டாயமாக, விரைவில் வெளிவர வேண்டும்.