வரைபடம் அலமாரியில், தொழிலாளி குழியில்!

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கால்வாய் வெட்டினார்கள். மண்வாரி இயந்திரம் இரண்டாம் முறை மண்ணை அள்ளியபோதே மின்கம்பி ஒன்று அறுந்தது. பொறி பறந்தது, லயம் முழுவதும் இருண்டது. மண்வெட்டியோடு அருகில் நின்ற தொழிலாளி பத்தடி தள்ளி நின்றதால் பிழைத்தார்.

அந்தக் கம்பியின் வழியைக் காட்டும் வரைபடம் எங்கே இருந்தது தெரியுமா? என் மேசைக்குப் பின்னாலிருந்த அலமாரியில்! யாரும் கேட்கவில்லை, கிராணியாகிய நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இன்று தோட்டத்து மண்ணுக்கடியில் வேர் மட்டுமா இருக்கிறது? மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, சில இடங்களில் எரிவாயுக் குழாயும் ஓடுகின்றன. இவற்றைப் பதிந்து வைக்க நில அளவை இலாகாவான ஜூபெம், 'பாடு' என்னும் தேசியப் பதிவேட்டை நடத்துகிறது. அதில் 'ஏ' முதல் 'டி' வரை நான்கு தரங்கள் உண்டு. 'டி' என்றால் பழைய காகிதங்களைப் பார்த்துக் குறித்தது மட்டுமே. 'ஏ' என்றால் தோண்டி, கண்ணால் கண்டு அளந்தது. ஆகவே வரைபடம் கிடைத்தாலும் அதையே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது.

நாம் கேட்பது மூன்று. வேலைக்கு முன் வரைபடத்தை வெட்டுகிறவனுக்கே காட்டி விளக்க வேண்டும். கருவி கொண்டு தேடி, தரையில் சாயத்தால் குறியிட வேண்டும். குறிக்கு அருகில் இயந்திரத்தை நிறுத்தி, கையால் பதமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

"இதற்கெல்லாம் ஒரு நாள் வீணாகுமே" என்பார்கள் நிர்வாகத்தார். ஒரு நாள் கூலி பெரிதா, ஓர் உயிர் பெரிதா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

கிராணித் தோழர்களே, அலமாரியைத் திறவுங்கள். தொழிலாளத் தோழர்களே, வரைபடத்தைக் காணாமல் மண்வெட்டியை ஓங்காதீர்கள். கேட்கத் தயங்கினால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் கேட்கும்!